ஆக்னஸ் வர்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே நரைத்தும் கீழே செம்பழுப்பாகவும் கிண்ணம்போல் வெட்டிய தலைமுடியுடன் சிரிக்கும் ஒரு சின்ன உருவ மூதாட்டியின் புகைப்படம் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். அவர்தான் பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தா. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்களில் அவருடைய ஒரு படத்தையாவது முழுமையாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்த இடைவெளி கொஞ்சமாவது குறைய வேண்டும் என்ற விருப்பத்தில் எழுதிய பதில்கள் இவை.

ஆக்னஸ் வர்தா யார்?

1928 மே 30 அன்று பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய இக்செல் என்ற பகுதியில் பிறந்தவர். தந்தை கிரேக்கர், தாய் பிரெஞ்சுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஆர்லெட். பதினெட்டு வயதில் அதை ஆக்னஸ் என்று மாற்றிக்கொண்டார். 1940இல் போருக்குத் தப்பி ஓடிய குடும்பம், தெற்குப் பிரான்ஸின் செத் என்ற துறைமுக ஊரில் ஒரு படகிலேயே குடியிருந்தது. பிறகு பாரிஸில் கலை வரலாறும் புகைப்படக் கலையும் படித்தார். நாடக இயக்குநர் ஜான் விலாரின் குழுவுக்குப் புகைப்படக் கலைஞராகப் பல ஆண்டுகள் வேலை செய்தார். 1954இல் தொடங்கிய அவருடைய திரை வாழ்க்கை 2019 வரை, 65 ஆண்டுகள், நீடித்தது.

சினிமா படிக்காமலேயே முதல் படத்தை எடுத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சினிமாப் பள்ளிப் பக்கம் போனதில்லை. எந்த இயக்குநரிடமும் உதவியாளராக இருந்ததில்லை. அதுவரை அவர் பார்த்திருந்த படங்களே மிகச் சில. 1954 கோடையில் செத் ஊரின் மீனவர் குடியிருப்பில் 'லா புவாந்த் கூர்த்' படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 26. உறவு முறிந்துவிடுமோ என்று தத்தளிக்கும் ஒரு தம்பதியின் உரையாடல் ஒரு சரடு. அந்தக் குப்பத்து மீனவர்களின் அன்றாடமும், சுகாதார அதிகாரிகளோடு அவர்கள் நடத்தும் இழுபறியும் இன்னொரு சரடு. அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் ஒரு நாவல் இரண்டு கதைகளை மாறி மாறிச் சொல்லும். அந்தக் கட்டமைப்பைத்தான் வர்தா திரைக்குக் கொண்டுவந்தார்.

பணம் இல்லை. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கூட்டுறவு முறையில் பங்குதாரர்களாகச் சேர்ந்து, கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். பின்னாளில் பிரான்ஸின் பெரிய நடிகரான ஃபிலிப் நுவாரே அதில் இளைஞராக நடித்திருக்கிறார். படத்தொகுப்பைச் செய்து கொடுத்தவர் பின்னாளில் பெரிய இயக்குநரான அலென் ரெனே. வழக்கமான வெளியீடு கிடைக்காமல், 1956இல் பாரிஸின் ஒரே ஒரு சிறிய அரங்கில் திரையிடப்பட்டது. வந்து பார்த்தவர்கள் சொற்பம். ஆனால் இந்தப் படத்துக்காகத் தொடங்கிய சிறு நிறுவனம்தான் பிறகு சினே தமாரிஸ் என்ற பெயரில் வர்தாவின் வாழ்நாள் முழுக்க நிலைத்தது. அவருடைய புகழின் கதையில் இந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கீழே அதைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுப் புதிய அலையைத் தொடங்கியவர் அவரா?

இளம் இயக்குநர்கள் பிரெஞ்சு சினிமாவின் பழைய வழக்கங்களை உடைத்த இயக்கம்தான் புதிய அலை. அதன் அடையாளமாகச் சொல்லப்படும் ட்ரூஃபோவின் முதல் முழுநீளப் படம் 1959இல் வந்தது, கோடாரின் முதல் படம் 1960இல் வந்தது. அசலான இடங்களில், சொற்பப் பணத்தில், ஸ்டூடியோவை நம்பாமல் எடுப்பது என்ற அதே வழியில் வர்தா ஐந்து ஆண்டுகள் முன்பே நடந்துவிட்டார். முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே அவரைப் 'புதிய அலையின் பாட்டி' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ட்ரூஃபோ, கோடார், ஷப்ரோல், ரிவெட், ரோமர் எல்லோரும் ஒரே பத்திரிகையில் விமர்சனம் எழுதி வளர்ந்த கூட்டம். வர்தா, ரெனே, கிறிஸ் மார்க்கர் ஆகியோர் இலக்கியம், ஓவியம், ஆவணப்படம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். இவர்களை 'இடது கரை' இயக்குநர்கள் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். திரை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் முதல் கூட்டத்துக்கே பக்கங்களை ஒதுக்கின. வர்தாவுக்கு ஓரிரு பத்திகள் மட்டுமே கிடைத்தன. அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'கிளியோ 5 முதல் 7 வரை' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

கோடாரின் தயாரிப்பாளர் ஜார்ஜ் த பொரகார், இன்னும் யாராவது இளம் இயக்குநர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தபோது கோடார் ஜாக் தெமியைக் கைகாட்டினார். தெமி தன் படத்தை முடித்துவிட்டு வர்தாவைக் கைகாட்டினார். அப்படி அமைந்தது இந்தப் படம். 1962இல் வெளிவந்தது.

புற்றுநோய் இருக்குமோ என்ற பயத்தில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் ஒன்றரை மணி நேரம்தான் கதை. படத்தின் நேரமும் கதையின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. தொடக்கத்தில் குறிசொல்லும் பெண் மேசையில் சீட்டுகளை விரிக்கும் காட்சி மட்டும் வண்ணத்தில் இருக்கும். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. முதல் பாதியில் கிளியோ கண்ணாடிகளில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மற்றவர்களும் அவளைத்தான் பார்க்கிறார்கள். தொப்பிக் கடையில் அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் காட்சியில், கடைக்கு வெளியே போகும் தெருவும் அவள் முகத்தின் மேல் பிரதிபலித்து ஓடுகிறது. நடுவில் ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் ஏதோ ஒன்று அவளுக்குள் உடைகிறது. பொய்முடியைக் கழற்றி எறிகிறாள், கறுப்பு உடைக்கு மாறுகிறாள், தனியாகத் தெருவில் இறங்குகிறாள். அதன் பிறகு அவள்தான் மற்றவர்களைப் பார்க்கிறாள்: தவளை விழுங்கி வித்தை காட்டுகிறவனை, காபிக் கடையில் அல்ஜீரியப் போரைப் பற்றிப் பேசுகிறவர்களை, கடைசியில் அந்தப் போருக்குத் திரும்பப்போகும் ஒரு சிப்பாயை.

வசனத்தில் எங்கும் விளக்காமல், பார்க்கப்படும் ஒரு பெண்ணைப் பார்க்கும் பெண்ணாக மாற்றிவிடுகிறார் வர்தா. 2022இல் பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் உலகெங்கும் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் 14ஆவது இடம் பெற்றது.

அவருடைய படங்கள் வசூல் செய்தனவா?

பெரும்பாலும் இல்லை. 'கிளியோ' பேசப்பட்டது. 1965இல் வந்த 'ல பொனர்' பெர்லின் திரைவிழாவில் பரிசு வாங்கியதோடு, மனைவியையும் காதலியையும் ஒருசேர நேசிக்கும் ஒருவனின் கதையைச் சூரியகாந்திப் பூக்கள், மொசார்ட் இசை என்று பளிச்சென்ற அழகோடு சொன்னதால் பெரும் சர்ச்சையையும் கிளப்பியது. மறு ஆண்டு, கத்ரீன் தெனேவும் மிஷெல் பிக்கோலியும் நடித்த 'லே க்ரியாத்யூர்' படுதோல்வி.

அந்தத் தோல்விக்கு ஒரு பிற்கதை உண்டு. 2006இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருடைய கலைக் கண்காட்சி நடந்தது. ஓடாத அந்தப் படத்தின் பழைய பிரதிகளிலிருந்த ஃபிலிம் சுருள்களைப் பிரித்துத் தொங்கவிட்டு, அவற்றையே சுவர்களாக வைத்து ஒரு குடிசை கட்டினார். உள்ளே போய் நின்றால் வெளிச்சம் தெனேவின் முகங்களின் வழியாக வடிந்து வரும். யாரும் பார்க்க வராத படம் நாற்பது ஆண்டுகள் கழித்து மக்கள் நுழைந்து பார்க்கும் வீடாயிற்று.

திரையரங்கில் உண்மையான பெரிய வெற்றி என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான்: 1985இல் வந்த 'வேகபாண்ட்'. பிரான்ஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதுவும் கதாநாயகியின் பிணத்தில் தொடங்கும் படம்!

'வேகபாண்ட்' படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

குளிர்காலம். தென் பிரான்ஸின் திராட்சைத் தோட்டத்துப் பள்ளத்தில் உறைந்துபோய்க் கிடக்கிறாள் மோனா என்ற இளம்பெண். வீடு இல்லாமல், வேலை இல்லாமல், முதுகில் கூடாரப் பையோடு ஊர் ஊராகத் திரிந்தவள். அவள் கடைசி வாரங்களில் சந்தித்த மனிதர்கள் ஒவ்வொருவராக அவளைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆடு வளர்க்கும் தத்துவப் பட்டதாரி, மரநோய் ஆராயும் பேராசிரியை, ஒரு வீட்டு வேலைக்காரி, திராட்சைத் தோட்டத்தில் கிளை வெட்டும் துனீசியத் தொழிலாளி. பலரும் தொழில்முறை நடிகர்கள் அல்ல. ஒவ்வொருவர் சொல்வதும் மோனாவைவிட அவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

மோனா நன்றி சொல்ல மாட்டாள். அவள் மேல் நாற்றம் அடிக்கும். கொடுத்த நிலத்தில் உழைக்க மாட்டாள். இரக்கத்துக்குரிய ஏழை என்ற வசதியான இடத்தில் அவளை உட்கார வைக்க வர்தா மறுக்கிறார். அதனால் பார்க்கிறவர்கள் சங்கடப்படுகிறார்கள். 'நான் இவளை வீட்டுக்குள் விட்டிருப்பேனா?' என்ற கேள்வி படம் முழுக்க நம்மை விடாது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். இடையிடையே மோனா நடந்து போகும் நீண்ட டிராக்கிங் ஷாட்டுகள் வரும். எல்லாம் வலமிருந்து இடமாக, நம் வாசிப்புப் பழக்கத்துக்கு எதிர்த் திசையில் நகர்பவை. கேமரா அவளுக்கு முன்பே ஓரிடத்தில் தொடங்கி, அவளோடு கொஞ்ச தூரம் போய், அவளை விட்டுவிட்டு ஏதாவது ஒரு பொருளின் மேல் போய் நிற்கும். அடுத்த டிராக்கிங் ஷாட் பல நிமிடங்கள் கழித்து, அதற்கு இணையான ஒரு பொருளிலிருந்து தொடங்கும். இப்படி அவளுடைய நடை முழுவதையும் கண்ணுக்குத் தெரியாமல் கோத்திருக்கிறார். வெனிஸ் திரைவிழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. மோனாவாக நடித்த சாந்த்ரின் பொனேருக்கு பிரான்ஸின் தேசியத் திரை விருதான சீசர். அப்போது அவருக்கு 18 வயது. வர்தா எடுத்தவற்றில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் முடிவு.

ஜாக் தெமி அவருடைய கணவர்தானே?

ஆம். 1964இல் கான் திரைவிழாவின் உயரிய விருதை வென்ற, வசனமெல்லாம் பாட்டாகவே அமைந்த 'ஷெர்பூர் குடைகள்' படத்தின் இயக்குநர். 1962இல் திருமணம். இருவரும் 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் வசித்தபோது, வர்தா அமெரிக்கக் கறுப்பின மக்களின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். இடையில் சில ஆண்டுகள் பிரிந்திருந்து மறுபடி சேர்ந்தார்கள். தெமி சாகும் தறுவாயில் இருந்தபோது, அவருடைய சிறுவயது நினைவுகளை 'ஜாக்கோ த நாந்த்' என்ற படமாக வர்தா எடுத்தார். 1990 அக்டோபரில் தெமி இறந்தார். படம் 1991இல் வந்தது. அதில் தெமியின் கையையும் தோலையும் தலைமுடியையும் கேமரா மிக அருகில் வருடிக்கொண்டு போகும் காட்சிகள் உண்டு. அவர் இறந்தது எய்ட்ஸால் என்பதை 2008இல்தான் வர்தா வெளிப்படையாகச் சொன்னார். கணவருடைய படங்களின் பிரதிகளைச் சீரமைத்து மீட்கும் வேலையையும் அவரே முன்னின்று நடத்தினார்.

அவர் பெண்ணியவாதியா?

ஆம், அதை அவர் மறைத்ததே இல்லை. கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தில், 1971இல், தாங்களும் அதைச் செய்துகொண்டோம் என்று அறிவித்து 343 பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கையில் அவர் பெயரும் உண்டு. அந்தப் போராட்டக் காலத்தைத்தான் 1977இல் 'ஒருத்தி பாடுகிறாள், மற்றவள் பாடவில்லை' என்று படமாக்கினார். 2018இல் கான் விழாவின் சிவப்புக் கம்பளத்தில் 82 பெண்கள் கைகோத்து நின்றார்கள். அந்த விழாவின் போட்டிப் பிரிவில் அதுவரை இடம்பெற்ற பெண் இயக்குநர்களின் படங்கள் அவ்வளவுதான் என்பதைச் சுட்டும் எண் அது. அன்று நடிகை கேட் பிளான்செட்டுடன் சேர்ந்து அறிக்கையை வாசித்தவர், அந்த மாதக் கடைசியில் தொண்ணூறு நிறையவிருந்த வர்தா.

வீட்டுத் தெருவிலேயே ஒரு படம் எடுத்தாராமே?

பாரிஸின் டாகேர் தெருவில் 1950களின் தொடக்கத்தில் குடிபுகுந்தார். கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். 1970களின் நடுவில் மகன் மத்தியூ கைக்குழந்தை. வெளியூருக்குப் போய்ப் படமெடுக்க வழியில்லை. தன் வீட்டு மின்மீட்டரிலிருந்து ஒரு நீளமான கேபிளை இழுத்து, அது எட்டுகிற தூரத்துக்குள் இருக்கும் கடைக்காரர்களை மட்டும் படமாக்குவது என்று முடிவு செய்தார். ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, தையல்காரர், வாசனைத் திரவியங்கள் விற்கும் முதிய தம்பதி. 'டாகேரியோடைப்ஸ்' என்ற அந்த ஆவணப்படம் அப்படிப் பிறந்தது. குழந்தை வளர்ப்பு வேலையைத் தடுக்கிறதே என்று குமைந்த தாய்மார்களுக்கு இந்தப் படம் தரும் தெம்பு தனி.

எழுபது வயதுக்கு மேல் அவர் பிரபலமானது எப்படி?

திருப்புமுனை 2000இல் வந்த 'கதிர் பொறுக்குவோரும் நானும்'. முந்தைய கதைப்படம் 1995இல் நட்சத்திரங்கள் நிரம்பியும் தோற்றுப்போயிருந்தது. சிறிய டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வந்த சமயம் அது. 71 வயதில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பிரான்ஸ் முழுக்கச் சுற்றினார். அறுவடைக்குப் பின் வயலில் சிந்தியதைப் பொறுக்கும் உரிமை அந்த நாட்டில் நூற்றாண்டுகளாகச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் நீதிமன்ற அங்கியோடு வயல் நடுவே நின்று அந்தச் சட்டப்பிரிவைப் படித்துக் காட்டுகிறார். உருவமும் அளவும் சரியில்லை என்று டன் கணக்கில் கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்குகளைக் கண்டெடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அவை சுருங்கி முளைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கையால் கேமராவைப் பிடித்து, மறு கையின் தோல் சுருக்கங்களைப் படமெடுக்கிறார். கேமராவை அணைக்க மறந்து லென்ஸ் மூடி ஊசலாடிய துண்டைக்கூட வீணாக்காமல், ஜாஸ் இசை சேர்த்து நடனமாக்கிவிட்டார்.

சந்தை கலைந்த பிறகு கீழே கிடக்கும் காய்களைத் தின்றபடி நடக்கும் ஒருவரைப் பின்தொடர்ந்து போனால், அவர் மாலையில் குடியேறிகளுக்குச் சம்பளமில்லாமல் பிரெஞ்சு கற்பிக்கிறார் என்று தெரியவருகிறது. பார்வையாளர்களிடமிருந்து கடிதங்களும் பரிசுப் பொருட்களும் குவிந்தன. அவர்களைத் தேடிப்போய் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தொடர்ச்சிப் படமும் எடுத்தார்.

அதன் பிறகு 2003இல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குத் தன் உருளைக்கிழங்குகளோடு போனார். தானே உருளைக்கிழங்கு வேடமிட்டு, பார்க்க வந்தவர்களை வரவேற்றார். 2008இல் 'ஆக்னஸின் கடற்கரைகள்' என்ற தன்வரலாற்றுப் படத்தில், தன் தெருவில் லாரி லாரியாக மணலைக் கொட்டி அலுவலகத்தையே கடற்கரையில் நடத்திக் காட்டினார். சிறந்த ஆவணப்படத்துக்கான சீசர் விருது கிடைத்தது. இளைய தலைமுறைக்கு அவர் மிக நெருக்கமானது இந்த ஆண்டுகளில்தான்.

ஆனால் இந்தப் புகழுக்கு 'அன்பான பாட்டி' என்ற பிம்பத்தை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெரிய நிறுவனங்களிடம் படங்களை விற்றுவிட்ட எத்தனையோ இயக்குநர்களின் படங்கள் பெட்டிகளில் கிடந்து மக்கின. வர்தா தன் படங்களின் உரிமையைத் தன் சிறு நிறுவனத்திடமே வைத்திருந்தார். வீட்டுக்கு எதிரே இருந்த அலுவலகத்திலிருந்து தானே அவற்றைச் சீரமைத்தார், டிவிடியாகப் போட்டார், தேடி வந்தவர்களுக்கு விற்றார். மகள் ரொசாலி பிறகு அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றார். புதிதாக ஒருவர் 'கதிர் பொறுக்குவோர்' பார்த்துவிட்டு 1954ஆம் ஆண்டுப் படத்தைத் தேடினால், அது நல்ல பிரதியில் கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் யாரும் கேட்காதபோதும் விதைநெல்லைச் சமைத்துவிடாமல் காத்த குடியானவரின் பிடிவாதம் அது.

ஆஸ்கர் வாங்கினாரா?

2017 நவம்பரில் கௌரவ ஆஸ்கர் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் இயக்குநர் அவரே. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு கான் விழாவின் கௌரவத் தங்கப் பனையும் கிடைத்திருந்தது. 2018இல் 'ஃபேசஸ் பிளேசஸ்' ஆவணப்படத்துக்காகப் போட்டிப் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு பரிந்துரைக்கப்பட்ட அமெரிக்கத் திரைக்கலைஞர் ஜேம்ஸ் ஐவரியும் 89 வயதுக்காரர்தான். வர்தா எட்டு நாள் மூத்தவர். விருது கிடைக்கவில்லை. பரிந்துரை பெற்றவர்களுக்கான விருந்துக்கு அவரால் போக முடியாததால், ஆளுயர அட்டையில் அவருடைய உருவங்கள் போயின. மற்ற நட்சத்திரங்கள் அந்த அட்டையோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இணையத்தில் அவர் முகம் எங்கும் பரவ அது ஒரு காரணம்.

'ஃபேசஸ் பிளேசஸ்' படத்தில் கோடார் வருகிறாரா?

வரவில்லை, அதுதான் அந்தப் படத்தின் வலி. ஜே.ஆர். என்ற தெருக்கலைஞர் வர்தாவைவிட 55 வயது இளையவர். இருவரும் ஒரு வேனில் ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மனிதர்களின் முகங்களைச் சுவரளவு பெரிதாக ஒட்டுகிறார்கள். இறுதியில் பழைய நண்பர் கோடாரைப் பார்க்க சுவிட்சர்லாந்து போகிறார்கள். கதவு திறக்கவில்லை. தெமியை நினைவூட்டும் சில சொற்கள் மட்டும் கண்ணாடியில் எழுதியிருக்கின்றன. வர்தா அழுகிறார். அதையும் வெட்டாமல் படத்தில் வைத்தார்.

எப்போது இறந்தார்?

2019 மார்ச் 29, புற்றுநோயால், 90 வயதில். ஒரு மாதம் முன்புதான் பெர்லினில் தன் கடைசிப் படத்தோடு மேடையேறியிருந்தார். மோன்பர்னாஸ் கல்லறையில் தெமியின் அருகில் அடக்கம். அந்த ஆண்டு கான் விழாச் சுவரொட்டியில், 1954இல் ஒரு தொழில்நுட்பக் கலைஞரின் முதுகில் ஏறி நின்று கேமராவுக்குள் கண்ணை வைத்திருக்கும் 26 வயது வர்தா இருந்தார்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பலரும் 'ஃபேசஸ் பிளேசஸ்' என்பார்கள். நான் 'கிளியோ' என்பேன். அது பிடித்தால் மறுவாரமே 'வேகபாண்ட்' பாருங்கள். ஒரே இரவில் இரண்டையும் பார்க்க வேண்டாம், மோனா உங்களோடு சில நாட்கள் இருப்பாள். ஆவணப்படங்களில் விருப்பமுள்ளவர்கள் 'கதிர் பொறுக்குவோர்' படத்திலேயே நேராக இறங்கலாம். 'லா புவாந்த் கூர்த்' அதற்கெல்லாம் பிறகு. தம்பதியின் வசனங்கள் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றும். மீனவர்களின் படகுச் சண்டைப் போட்டி வரும்வரை பொறுத்திருங்கள்.

2020இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அவருடைய 39 படங்களையும் 15 வட்டுகளில் தொகுத்து வெளியிட்டது. விலை அதிகம். நூலகத்திலோ திரைப்படச் சங்கத்திலோ கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.